ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மூண்டால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி, மருத்துவ அறிக்கை, மாணவர் கட்டுரை என்று ஆங்கிலத்தில் எழுதிய தாள்கள் திருத்தத்துக்காக என்னிடம் வருகின்றன. எழுதுபவர் யாராக இருந்தாலும் கை தயங்குகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் கிளம்பினால் அதை எந்தச் சொல்லில் சொல்வது? திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் ஓசை பிடிபடும்.

"அவுட்பிரேக் என்றால் நோய்க்கு மட்டும்தானா? போர், கலவரத்துக்கும் போடலாமா?"

போடலாம். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறோம். போர் மூளும், தீ பற்றும், கலவரம் வெடிக்கும், கொள்ளைநோய் கிளம்பும். ஆங்கிலம் இந்த நான்கையும் 'பிரேக் அவுட்' என்ற ஒரே வினையில் அடக்கிவிடுகிறது: 'வார் புரோக் அவுட்', 'எ ஃபயர் புரோக் அவுட்', 'ரயட்ஸ் புரோக் அவுட்', 'காலரா புரோக் அவுட்'. இதன் பெயர்ச்சொல்தான் 'அவுட்பிரேக்'.

ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும். 'தி அவுட்பிரேக் ஆஃப் தி செகண்ட் வேர்ல்ட் வார்' என்றால் 1939 செப்டம்பரில் போர் மூண்ட அந்தத் தொடக்கம். 1945 வரை நடந்த போர் முழுவதும் அதற்குள் வராது. நோய்க்கு வரும்போது அதே சொல், முதல் நோயாளியில் தொடங்கி அடங்கும் வரையுள்ள மொத்தத்தையும் குறிக்கும். அதனால் 'தி அவுட்பிரேக் லாஸ்டட் த்ரீ மந்த்ஸ்' என்று காலராவைப் பற்றி எழுதலாம், போரைப் பற்றி எழுத முடியாது.

நிலநடுக்கம், வெள்ளம் இவற்றுக்கு 'பிரேக் அவுட்' பொருந்தாது. நிலநடுக்கம் 'ஸ்ட்ரைக்' அல்லது 'ஹிட்', எரிமலை 'இரப்ட்'.

"'எ ஃபயர் வாஸ் புரோக்கன் அவுட்' என்று எழுதினேன், சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். என்ன தப்பு?"

தீ தானாகப் பற்றுகிறது. யாரும் அதைப் 'பற்றுவதில்லை'. 'பிரேக் அவுட்' தன்வினையாக மட்டுமே இங்கே நிற்கும், செயப்பாட்டுவினை ஆகாது. 'எ ஃபயர் புரோக் அவுட்' என்று எழுதினால் போதும். நடந்த விளைவு இன்னும் நீடிக்கிறது என்றால் 'ஹேஸ் புரோக்கன் அவுட்'. 'அவுட்பிரேக்' என்பதையே வினையாக்கி 'தி டிசீஸ் அவுட்பிரேக்ட்' என்று எழுதுவோரும் உண்டு. அப்படி ஒரு வினை வழக்கில் இல்லை.

"அவுட்பிரேக், பிரேக்அவுட், அவுட்பர்ஸ்ட் மூன்றும் ஒன்றுதானே?"

மூன்றும் வேறு. 'பிரேக்அவுட்' சிறையை உடைத்துத் தப்புவது, அல்லது ஒருவர் திடீரென்று புகழடைவது. 'அவுட்பர்ஸ்ட்' ஒருவர் கோபத்தில் வெடிப்பது.

ஓசையிலும் வேறுபாடு இருக்கிறது. 'அவுட்பிரேக்' பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். 'பிரேக் அவுட்' வினையில் அழுத்தம் 'அவுட்' மீது. கூட்டத்தில் பேசும்போது இதை மாற்றிச் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

"அவுட்பிரேக்குக்குப் பின்னாடி ஆஃப் வருமா, இன் வருமா, அமங் வருமா?"

மூன்றும் வரும், வேலைதான் வேறு. எது கிளம்பியது என்பதற்கு 'ஆஃப்', எங்கே என்பதற்கு 'இன்', யாரிடையே என்பதற்கு 'அமங்'. 'அன் அவுட்பிரேக் ஆஃப் மீசில்ஸ் அமங் சில்ட்ரன் இன் தி நார்த்' என்றால் வடக்குப் பகுதியில் குழந்தைகளிடையே தட்டம்மை. இந்த வரிசையே காதுக்குப் பழகியது.

"அவுட்பிரேக், எபிடெமிக், பேண்டமிக். இதில் எது பெரிசு?"

வரையறையில் 'அவுட்பிரேக்'கும் 'எபிடெமிக்'கும் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்த இடத்தில், அந்தக் காலத்தில் வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட அதிகம் பேருக்கு நோய். பரப்பு சிறிதாக இருந்தால் 'அவுட்பிரேக்' என்பது வழக்கம். 1854இல் லண்டனின் பிராட் தெருவில், ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றி காலரா கிளம்பியதை 'பிராட் ஸ்ட்ரீட் அவுட்பிரேக்' என்கிறார்கள். அப்போது லண்டன் நகரத்தில் பரவலாகவே காலரா இருந்தது, அது 'எபிடெமிக்'. பெரியதற்குள் சிறியது இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. கண்டங்கள் தாண்டிப் பரவினால் 'பேண்டமிக்'. அந்தச் சொல் பரப்பைச் சொல்கிறது, கொடுமையைச் சொல்லவில்லை.

'அதிகம்' என்றால் எவ்வளவு? வழக்கமான எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. இன்று உலகில் எங்காவது ஒரே ஒருவருக்கு வந்தாலும் அது 'அவுட்பிரேக்'தான். எப்போதும் ஒரே அளவில் ஓர் இடத்தில் இருந்துகொண்டே இருக்கும் நோய் 'எண்டமிக்'. அதை யாரும் 'அவுட்பிரேக்' என்று எழுத வேண்டாம்.

"'ஒரே நேரத்தில்' என்பதற்கு 'அட் எ டைம்' சரியா?"

சரியில்லை. என்னிடம் வரும் தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். காரணமும் தெரிகிறது. தமிழில் 'ஒரு நேரத்தில்', 'ஒரே நேரத்தில்', 'ஒரு காலத்தில்' எல்லாம் ஓர் எழுத்து, ஒரு சொல் வித்தியாசத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் அப்படியே நிற்கின்றன, ஆனால் பொருள் வெவ்வேறு திசையில் போய்விடுகிறது.

'அட் எ டைம்' என்றால் ஒரு தடவைக்கு. 'டூ பேஷன்ட்ஸ் அட் எ டைம்' என்றால் உள்ளே இரண்டிரண்டு பேராக அனுப்பு என்று பொருள். 'அட் ஒன் டைம்' என்றால் பெரும்பாலும் முன்பொரு காலத்தில். 'அட் டைம்ஸ்' சில சமயம். 'அட் தி டைம்' அந்தச் சமயத்தில். நமக்கு வேண்டியது 'அட் தி சேம் டைம்'. அதில் 'அட் தி' இரண்டையும் விழுங்கிவிட்டு 'சேம் டைம் இட் ஹேப்பன்ட்' என்று எழுதக் கூடாது.

வாக்கியத்தின் தலையில் 'அட் தி சேம் டைம்' வந்து பின்னால் காற்புள்ளி நின்றால் 'அதேவேளை, இருந்தாலும்' என்ற பொருளும் அதற்கு வந்துவிடும். குழப்பம் வரும் என்று தோன்றினால் அதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

"சிமல்டேனியஸா, சைமல்டேனியஸா? எப்படி உச்சரிக்கணும்?"

பிரிட்டிஷ் வழக்கில் 'சி', அமெரிக்க வழக்கில் 'சை'. இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அழுத்தம் இரண்டிலும் 'டே' மீதுதான். 'சிமல்டேனியஸ்லி அட் தி சேம் டைம்' என்று சேர்த்து எழுதினால் 'ஒரே நேரத்தில் ஒரே நேரத்தில்' என்றாகிவிடும்.

"சிமல்டேனியஸ், கன்கரன்ட் ரெண்டும் 'ஒரே நேரத்தில்' தானே? எதுக்கு ரெண்டு சொல்?"

'சிமல்டேனியஸ்' கடிகாரத்தின் ஒரே புள்ளியை நினைவூட்டும் சொல். 'கன்கரன்ட்' என்பதற்கு லத்தீன் வேரில் 'கூடி ஓடுதல்' என்று பொருள். இரண்டு நீளமான காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடுவது அது. ஒரே கணத்தில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பில் 'தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று படித்திருப்பீர்கள். அந்த 'ஏக காலத்தில்' தான் 'கன்கரன்ட்லி'. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இரண்டு தண்டனை இருந்தால், 'கன்கரன்ட்' என்ற சொல்லில் மொத்தம் ஐந்து ஆண்டு. 'கன்செக்யூடிவ்' என்று எழுதியிருந்தால் எட்டு. ஒரு சொல்லில் ஒரு மனிதனின் மூன்று ஆண்டு இருக்கிறது.

'கன்செக்யூடிவ்' ஒன்றன்பின் ஒன்று. மொழிபெயர்ப்பாளர்களிடமும் இந்தப் பிரிவு உண்டு. பேசுபவர் நிறுத்திய பிறகு மொழிபெயர்ப்பது 'கன்செக்யூடிவ்'. அவர் பேசப் பேச, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கூடவே பேசுவது 'சிமல்டேனியஸ்'. 1945இல் தொடங்கிய, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் நான்கு மொழிகள் அப்படித்தான் ஓடின.

நோய்ப்பரவல்களுக்கு 'கன்கரன்ட் அவுட்பிரேக்ஸ்' பல நேரம் அதிகத் துல்லியம். தொடக்க நாள் ஒன்றாக இல்லாமல், நடுவில் சில வாரங்கள் மட்டும் ஒன்றாக ஓடினால் அதுவே பொருந்தும்.

"பேரலலி என்று எழுதலாமா?"

பேச்சில் எங்கும் கேட்கிறோம். அச்சில் 'இன் பேரலல்' என்றே எழுதுங்கள்.

"அவுட்பிரேக் நடந்துகிட்டு இருக்கும்போது இன்னொண்ணு வந்தா? வென், வைல் எது?"

நீண்டு ஓடிக்கொண்டிருப்பதற்கு 'வைல்', சட்டென்று குறுக்கே வருவதற்கு 'வென்'. 'வைல் காலரா வாஸ் ஸ்ப்ரெடிங், மீசில்ஸ் புரோக் அவுட்.' அதையே திருப்பினால் 'காலரா வாஸ் ஸ்ப்ரெடிங் வென் மீசில்ஸ் புரோக் அவுட்.' இரண்டிலும் பரவியது 'இங்' வடிவில், கிளம்பியது எளிய இறந்தகாலத்தில். இரண்டையும் 'இங்' ஆக்கிவிட்டால் எது முன்னால் இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

"சார், ஒரே நோய் ரெண்டு ஊர்ல வந்தா ஓர் அவுட்பிரேக்கா, ரெண்டு அவுட்பிரேக்கா?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஊரை எண்ண வேண்டாம், நோயாளியை எண்ண வேண்டாம். வேரை எண்ணுங்கள்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவில் 24 மணி நேரத்துக்குள் 148 சுழற்காற்றுகள் 13 மாநிலங்களில் இறங்கின. வானிலை நூல்கள் அதை 'சூப்பர் அவுட்பிரேக்' என்கின்றன. ஒருமை. சுழற்காற்று 148, ஆனால் அவற்றைப் பெற்ற வானிலை அமைப்பு ஒன்று, ஆகவே அவுட்பிரேக் ஒன்று. 2022இல் குரங்கம்மை பல நாடுகளில் பரவியபோது உலக சுகாதார நிறுவனம் 'மல்டி-கன்ட்ரி அவுட்பிரேக்' என்று எழுதியதும் இதே கணக்கில்தான்.

இப்போது எதிர்ப்பக்கம். 1976இல் சூடானின் என்சாராவிலும், அன்று ஜயர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் யம்புகுவிலும் எபோலா முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரண்டும் ஒரே நிகழ்வு, நோய் தொற்றிய யாரோ ஒருவர் ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் ஆய்வாளர்கள் முதலில் எண்ணினார்கள். பிறகுதான் இரண்டிலும் இருந்தவை மரபணுவில் வேறுபட்ட இரண்டு வைரஸ்கள் என்று தெரிந்தது. ஆகவே இன்று அதை 'டூ சிமல்டேனியஸ் அவுட்பிரேக்ஸ்' என்று பன்மையில் எழுதுகிறார்கள். என்சாராவில் ஜூன் மாதமே தொடங்கிவிட்டது, யம்புகுவில் அதற்குப் பிறகுதான். கறாராகப் பார்த்தால் மேலே சொன்ன 'கன்கரன்ட்' இதற்கு இன்னும் நெருக்கம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையில். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவர் எழுதிய அறிக்கை திருத்தத்துக்கு வந்தது. அடுத்தடுத்த இரண்டு கிராமங்களில் வயிற்றுப்போக்கு. அவர் 'டூ அவுட்பிரேக்ஸ்' என்று எழுதியிருந்தார். நோய் ஒன்று, வாரம் ஒன்று, கிராமங்களும் பக்கம் பக்கம் என்பதால் 'அன் அவுட்பிரேக் இன் டூ வில்லேஜஸ்' என்று மாற்றிவிட்டேன். வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு ஊர்லயும் கிருமி வேற. ஒண்ணுன்னு போட்டா ஒரு கிணத்தைத்தான் மூடுவாங்க. இன்னொரு கிணத்துல ஜனங்க தண்ணி மொண்டுகிட்டே இருப்பாங்க" என்றார். அச்சுக்குப் போகும் முன் பன்மையைத் திரும்பப் போட்டோம். அன்று முதல் இந்தச் சொல்லில் ஒருமை பன்மையை எழுதியவரிடம் கேட்காமல் தொடுவதில்லை.

"ஒரு கட்டுரையில் 'அன் அவுட்பிரேக் ஆஃப் காலரா அண்ட் மீசில்ஸ்' என்று பார்த்தேன். ஒருமை சரியா?"

இல்லை. வேர் இரண்டு, ஆகவே 'அவுட்பிரேக்ஸ்'. எந்த நோய் எங்கே என்று பிரித்துக் காட்ட வேண்டுமானால் வாக்கியக் கடைசியில் 'ரெஸ்பெக்டிவ்லி' போடலாம்: 'அவுட்பிரேக்ஸ் ஆஃப் காலரா அண்ட் மீசில்ஸ் வேர் ரிப்போர்டட் இன் தி நார்த் அண்ட் தி சவுத், ரெஸ்பெக்டிவ்லி.' வடக்கில் காலரா, தெற்கில் தட்டம்மை. அந்தச் சொல் இல்லாவிட்டால் இரண்டு நோயும் இரண்டு இடத்திலும் என்று படித்துவிடுவார்கள். மூன்றுக்கு மேல் போனால் இதை நம்பாதீர்கள். வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். தனித்தனி வாக்கியமாக எழுதிவிடுவதே மரியாதை.

"ஒரே ஊரில் ரெண்டு நோய் சேர்ந்து வந்தால் சிண்டெமிக் என்கிறார்களே, அதுதானா?"

சேர்ந்து வந்தது மட்டும் போதாது. இந்தச் சொல்லை 1990களில் உருவாக்கியவர் மெரில் சிங்கர் என்ற அமெரிக்க மருத்துவ மானிடவியலாளர். ஒரு நோய் இன்னொன்றை மோசமாக்க வேண்டும். வறுமை, நெரிசல், வன்முறை போன்ற சமூக நிலை இரண்டுக்கும் உரம் போட வேண்டும். அந்தப் பிணைப்பைக் காட்டாமல் 'சிண்டெமிக்' என்று எழுதினால் கனமான சொல்லை வெறும் அலங்காரமாக்கியதாகும்.

'ட்வின்டெமிக்' 2020இல் புழக்கத்துக்கு வந்தது. கோவிட்டும் குளிர்காலக் காய்ச்சலும் ஒரே பருவத்தில் தாக்கும் என்ற அச்சத்தில் பத்திரிகைகள் பயன்படுத்தின. அறிவியல் கட்டுரையில் 'கன்கரன்ட் எபிடெமிக்ஸ்' நன்றாக நிற்கும். 'கோ-இன்ஃபெக்ஷன்' முற்றிலும் வேறு. அது ஒரே உடலுக்குள் இரண்டு கிருமி. ஊரைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைப் போடக் கூடாது.

"இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணுன்னு அடுத்தடுத்து நடந்தா? ஸ்பேட், சீரீஸ், வேவ்..."

'சீரீஸ்' சாதுவான சொல், வரிசையாக நடந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. 'ஸ்பேட்' என்ற சொல்லுக்கு ஆற்று வெள்ளம் என்ற பொருளும் உண்டு. குறுகிய காலத்தில் குவிந்து வரும் கெட்ட காரியங்களுக்கே பெரும்பாலும் வரும். 'ரேஷ்' தோல் தடிப்பிலிருந்து வந்த உருவகம், 'எ ரேஷ் ஆஃப் பர்க்ளரீஸ்' என்பது போல. நோயைப் பற்றிய கட்டுரையில் 'ரேஷ் ஆஃப் அவுட்பிரேக்ஸ்' என்று எழுதாதீர்கள். உண்மையிலேயே தடிப்பு என்று நினைப்பார்கள்.

'வேவ்' மட்டும் ஒரு வாதத்தையே சுமந்து வருகிறது. ஒன்று இன்னொன்றைத் தள்ளியது என்று அது சொல்கிறது. 1848இல் ஜனவரியில் பலெர்மோ, பிப்ரவரியில் பாரிஸ், மார்ச்சில் வியன்னா, பெர்லின் என்று கிளர்ச்சிகள் மூண்டன. ஓரிடத்துச் செய்தி அடுத்த இடத்துக்குத் தீ வைத்தது, எனவே 'எ வேவ் ஆஃப் ரெவல்யூஷன்ஸ்' சரி. 'சிமல்டேனியஸ் ரெவல்யூஷன்ஸ்' என்றால் அந்தப் பரவலே மறைந்துவிடும். 'இன் குவிக் சக்செஷன்' இன்னொரு நல்ல தேர்வு.

"மூணு இடத்துல ஒரே நேரம் தீ. 'கோஆர்டினேட்டட்' போட்டா வாக்கியம் பலமா இருக்கே?"

பலமாகத்தான் இருக்கும். அது ஒரு குற்றச்சாட்டு. 'கோஆர்டினேட்டட்', 'சிங்க்ரனைஸ்டு' இரண்டும் பின்னால் ஒரு கை இருக்கிறது, யாரோ திட்டமிட்டார்கள் என்று சொல்லும் சொற்கள். 'சிமல்டேனியஸ்' நேரத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். விசாரணை முடியும் வரை அதற்கு மேல் போகாதீர்கள். கலவரச் செய்தியில் இந்த ஒரு சொல்லுக்காக யார் வீட்டுக் கதவையாவது தட்டிவிடுவார்கள்.

எதிர்ப்புறத்திலும் இதே ஆபத்து உண்டு. 'கோஇன்சைடட்' என்றால் ஒரே சமயத்தில் அமைந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 'கோஇன்சிடென்டலி' என்று எழுதினால் தற்செயல் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள்.

"தொடர்பு இருக்கா இல்லையான்னே தெரியாதப்போ என்னதான் எழுதுறது?"

'அன்ரிலேட்டட்' என்று எழுதாதீர்கள். அது 'தொடர்பில்லை என்று நிரூபித்தாயிற்று' என்ற பொருள் தரும். 'நோ லிங்க் ஹேஸ் பீன் எஸ்டாப்ளிஷ்டு' என்றால் இதுவரை எதுவும் உறுதியாகவில்லை. கதவு திறந்தே இருக்கிறது.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட்டில் காங்கோவிலும் எபோலா என்று செய்தி வந்தது. அங்கிருந்துதான் வந்துவிட்டது என்று பலரும் அஞ்சினார்கள். அந்த முதல் நாட்களில் எழுதியிருந்தால் 'எ செகண்ட் அவுட்பிரேக். நோ லிங்க் ஹேஸ் பீன் எஸ்டாப்ளிஷ்டு' என்பதுதான் நேர்மையான வாக்கியம். பிறகு வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்து, மேற்கு ஆப்பிரிக்கப் பரவலோடு அதற்குத் தொடர்பில்லை என்று கண்டார்கள். அதன் பின் 'அன் அன்ரிலேட்டட் அவுட்பிரேக்' என்று எழுதலாம். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிற்பது ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு தாள். அது உங்கள் கையில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.